உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஒரு பரீட்சை

நம் நாட்டிலே ஒருவர் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டால், அவருடைய பரீட்சைக் காலம் முடிந்துவிட்டதென்று பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுவது வழக்கம். சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம் என்று பல ஆண்டுகள் வினாத்தாள்களோடு போராடியவர் இனியாவது ஓய்ந்திருக்கட்டும் என்பதே அவர்களது எண்ணம். ஆனால் நடப்பதோ வேறு. வங்கியிலும், கணக்காய்வு நிலையத்திலும், பொறியியல் கந்தோரிலும், கணினி நிறுவனத்திலும் ஐந்தாறு ஆண்டுகள் பணியாற்றிய இளைஞரும் யுவதிகளும் மறுபடியும் பென்சிலைக் கூராக்கத் தொடங்குகின்றனர். தொழிலறிவு மட்டும் போதாது, ஒரு நிறுவனத்தை நடத்தும் கலையும் வேண்டும் என்ற உணர்ச்சி அவர்களுக்கு வந்துவிடுகிறது. வியாபார நிர்வாக முதுமாணிப் பட்டமாகிய எம்.பி.ஏ. அவர்தம் கண்முன் நிற்கிறது. அதன் வாயிலிலே காவலாளி போல ஒரு பரீட்சை நிற்கிறது.

உலகெங்குமுள்ள வணிகக் கல்லூரிகள் பலவற்றுக்கு நுழைவாயிலாக விளங்கும் ‘ஜீமாற்’ என்னும் பரீட்சையைப் பற்றியே இங்கு கூற விரும்புகிறோம். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவிலே படிக்க வேண்டியவர் இதற்கு எவ்வாறு ஆயத்தமாவது? அவருடைய வீட்டார் எவ்வாறு துணை நிற்பது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆதலின் பரீட்சார்த்திகள் மட்டுமன்றி, அவர்தம் துணைவரும் பெற்றோரும் இதனைப் படிப்பது நன்று.

பரீட்சை பிறந்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் தன் வணிகக் கல்லூரியைத் தொடங்கியது. எம்.பி.ஏ. படிப்பு அங்கேதான் முதன்முதலாக உருவாயிற்று. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் இப்படிப்பை நாடியோர் தொகை பெருகியது. பல்வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து பல்வேறு பாடங்களில் தேறி வருவோரை ஒரே துலாக்கோலில் நிறுப்பது எங்ஙனம் என்ற சிக்கல் எழுந்தது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒன்பது வணிகக் கல்லூரிகள் கூடி ஆலோசித்து, பொதுவான பரீட்சை ஒன்றை அமைக்கத் தீர்மானித்தன. அடுத்த ஆண்டாகிய 1954இல் அப்பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது. இன்று வழங்கும் பெயர் அதற்கு 1976இலே சூட்டப்பட்டது. 1997ஆம் ஆண்டு முதல் தாளும் பென்சிலும் நீங்கிக் கணினியிலே நடத்தப்படலாயிற்று. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதன் உருவம் மீண்டும் மாற்றப்பட்டு, இன்றைய வடிவம் பிறந்தது.

கடைசியாகக் கூறிய மாற்றம் முக்கியமானது. பழைய வடிவில் இருந்த கட்டுரை எழுதுதலும், வாக்கியப் பிழை திருத்தமும், கேத்திரகணித வினாக்களும் இப்பொழுது இல்லை. மூத்தோர் எவரேனும் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய புத்தகத்தை அன்புடன் கொடுப்பாராயின், நன்றி கூறிப் பெற்றுக்கொள்க. ஆனால் அதனை நம்பி மாதக் கணக்கில் முக்கோணங்களோடு மல்லாட வேண்டாம்.

பரீட்சையின் அமைப்பு

மொத்தம் 64 வினாக்கள். அவற்றுக்கு இரண்டேகால் மணி நேரம். மூன்று பகுதிகளுக்கும் தலா 45 நிமிடம். கணிதப் பகுதியில் 21 வினாக்களும், மொழிப் பகுதியில் 23 வினாக்களும், தரவுகளை ஆராயும் பகுதியில் 20 வினாக்களும் உள. எப்பகுதியை முதலில் எழுதுவது என்பதைப் பரீட்சார்த்தியே தெரிந்துகொள்ளலாம். இடையிலே ஒரு முறை பத்து நிமிட ஓய்வு உண்டு. கணிக்கும் கருவி தரவுப் பகுதியில் மட்டும் கணினித் திரையிலே தோன்றும். கணிதப் பகுதியிலே கையாற்றான் கணக்கிட வேண்டும். மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை அமையும்.

இப்பரீட்சைக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. ஒருவர் சரியாக விடையளித்துக்கொண்டு போனால், கணினி அவருக்கு மேலும் கடினமான வினாக்களையே எடுத்துத் தரும். தவறுவாராயின் எளியவை வரும். எனவே ‘வினாக்கள் வரவரக் கடுமையாகின்றனவே, நான் தோற்றுக்கொண்டிருக்கிறேனோ’ என்று கலங்குவது அறியாமை. நன்றாக எழுதுபவருக்கும் பரீட்சை கடினமாகவே தோன்றும். இந்த ஓர் உண்மையை முன்னரே மனத்தில் பதித்துக்கொள்பவருக்குப் பரீட்சை மண்டபத்திலே பாதிப் பயம் நீங்கிவிடும்.

எதனைச் சோதிக்கின்றனர்?

கணக்கியலோ, சந்தைப்படுத்தலோ, பொருளியலோ இங்கு கேட்கப்படுவதில்லை. கணிதமும் பாடசாலையில் நாம் கற்ற விகிதம், சதவீதம், சராசரி, சமன்பாடு என்ற எல்லைக்குள்ளேயே நிற்கும். சோதிக்கப்படுவது குறுகிய நேரத்தில் தெளிவாகத் தீர்மானிக்கும் ஆற்றலே. தரவுப் பகுதியில் வரும் ஒரு வினா வகையை எடுத்துக்காட்டாக நாமே ஆக்கித் தருவோம்.

ஒரு குடும்பத் தலைவி அரிசியும் பருப்பும் வாங்க 1,000 ரூபா கொடுத்தார். அரிசிக்குக் கொடுத்தது எவ்வளவு? முதலாம் தகவல்: அரிசிக்குக் கொடுத்த பணம் பருப்புக்குக் கொடுத்ததன் ஒன்றரை மடங்கு. இரண்டாம் தகவல்: பருப்புக்குக் கொடுத்தது அரிசிக்குக் கொடுத்ததிலும் 200 ரூபா குறைவு. இங்கே வினா ‘விடை என்ன’ என்பதன்று. ‘விடை காண எத்தகவல் போதும்’ என்பதே. சற்றே சிந்தித்தால், முதலாவது தனித்து நின்றே போதும், இரண்டாவதும் தனித்து நின்றே போதும் என்பது விளங்கும். 600 ரூபா என்ற விடையைக் கணக்கிட்டுக் காண வேண்டிய அவசியமே இல்லை. கணிதத்தில் வல்லவர் ஒருவர் விடை கண்டு மகிழ்வதில் ஒரு நிமிடத்தை வீணாக்குவார். காரியாலயத்தில் கோப்பு ஒன்றைப் பார்த்த மாத்திரத்தே ‘இதனைக் கொண்டு முடிவெடுக்கலாம், வேறு கடிதம் வேண்டியதில்லை’ என்று சொல்லப் பழகியவர் அந்நிமிடத்தைச் சேமித்துக்கொள்வார்.

மொழிப் பகுதியும் இத்தகையதே. ‘புதிய மேற்பார்வையாளர் சித்திரை மாதத்தில் வந்தார், அம்மாதத்திலே கடையின் விற்பனை இரட்டித்தது, ஆகவே அவருடைய திறமையே காரணம்’ என்று ஒருவர் வாதிட்டால், சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்தை அவர் மறந்துவிட்டார் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் இந்த நுட்பமே அங்கு கேட்கப்படுகிறது. ஆகவே உத்தியோகத்தர்கள் ‘மாணவரோடு போட்டியிட எம்மால் இயலுமா’ என்று தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேவையில்லை. அவர்களது அனுபவம் ஒரு முதலீடே.

குறை எங்கே உள்ளது?

அவர்களுக்குள்ள உண்மையான குறைகள் மூன்று. முதலாவது, கை துருப்பிடித்திருத்தல். நாள்தோறும் கணினியே கூட்டிக் கழித்துத் தருவதால் பதினேழாம் வாய்ப்பாடு மறந்துபோகிறது. இரண்டாவது, களைப்பு. மூன்றாவதுதான் மிகவும் பொல்லாதது: படித்துவிட்டோம் என்ற மயக்கம். இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்து, தீர்த்துக்காட்டிய கணக்குகளை வரிவரியாக வாசித்து, ‘எல்லாம் விளங்குகிறது’ என்ற திருப்தியோடு உறங்கச் செல்வார். வாசித்தது விளங்கும், தாமே செய்யப் புகுந்தால் வாராது.

இதனை ஆராய்ச்சியாளரும் மெய்ப்பித்துள்ளனர். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உளது. மாணவருள் ஒரு சாரார் ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தனர். மற்றொரு சாரார் ஒரு முறை வாசித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவரே முன்னின்றனர். ஆனால் ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது எழுதிப் பார்த்தவரே வென்றனர். இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1885இல், எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதிலும் இடைவெளி விட்டுப் பல நாட்களிற் படிப்பதே நன்கு நிலைக்கும் என்று தம்மையே பரிசோதித்துக் கண்டறிந்தார். நாளுக்கு ஒரு மணி நேரமே கிடைக்கிறதே என்று வருந்தும் உத்தியோகத்தருக்கு இது நற்செய்தியன்றோ!

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

எத்தனை மாதம் படிப்பது என்று கேட்பதைவிட, எத்தனை மணி நேரம் படிப்பது என்று கேட்பதே முறை. எமது யோசனை இது. வார நாட்கள் ஐந்தில் நான்கு நாள் ஒவ்வொரு மணி நேரம். சனிக்கிழமை இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஆக, வாரத்துக்கு ஒன்பது மணி. பதினான்கு வாரம் இவ்வாறு நடந்தால் 126 மணி நேரம் சேரும். ஐந்தாம் வார நாளை வேண்டுமென்றே விட்டு வைத்துள்ளோம். மேலதிகாரி மாலை ஐந்து மணிக்கு ஒரு வேலையைத் தரும் நாளும், பிள்ளைக்குக் காய்ச்சல் காணும் நாளும் வாரத்தில் ஒன்றேனும் வரத்தான் செய்யும். அத்தகைய நாளுக்கு இடம் வைக்காத நேரசூசி முதல் வாரத்திலேயே கிழிந்துவிடும்.

முதல் ஐந்து வாரமும் அடிப்படைகளைப் புதுப்பிப்பதற்கு ஆகட்டும். அடுத்த ஆறு வாரமும் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு கலப்பு வினாக்களைச் செய்வதற்கு ஆகட்டும். இறுதி மூன்று வாரமும் முழுப் பரீட்சைகளுக்கு உரியவை. பரீட்சையை நடத்துவோரே மாதிரிப் பரீட்சைகள் இரண்டை இலவசமாகத் தருகின்றனர். மேலும் வேண்டுவோர் விலைக்குப் பெறலாம். இலவசமானவற்றுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதி, தம் நிலையை அறிந்துகொள்க. மற்றையதைப் பத்திரப்படுத்தி வைத்துப் பிற்பாதியில் எழுதுக. பரீட்சை எந்த நேரத்திற்குக் குறிக்கப்பட்டுள்ளதோ, அதே நேரத்தில் ஞாயிறுதோறும் எழுதிப் பழகுதல் நன்று.

காலையா, இரவா என்று பலர் கேட்பர். காரியாலயம் சென்று வந்த மூளைக்குக் கணிதம் பெருஞ்சுமை. இயன்றவர் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கணிதத்தைச் செய்க. காலை நேரம் வாய்க்காதவர் மாலையில் வீடு வந்து, முகங்கழுவி, தேநீர் அருந்தி, உணவுக்கு முன்னரே அந்த ஒரு மணி நேரத்தை முடித்துவிடுக. உறக்கத்தைத் திருடிப் படிப்பது மாத்திரம் வேண்டாம். படித்ததை மூளை ஒழுங்குபடுத்திச் சேமிப்பது உறக்கத்திலேதான். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கழியும் நேரத்தை ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்கலாம். தமிழ் மொழி மூலம் கற்றவர்களுக்கு இது மிகவும் பயன்தரும். விஞ்ஞானம், வரலாறு, பொருளாதாரம் ஆகியவை பற்றிய கட்டுரை ஒன்றை நாள்தோறும் வாசித்து, ‘ஆசிரியர் நிலைநாட்ட விரும்புவது என்ன? அதற்கு அவர் காட்டும் சான்று என்ன?’ என்று இரண்டு வாக்கியத்தில் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். கடினமான சொற்பட்டியல்களை மனனம் செய்யத் தேவையில்லை.

தவறுகளுக்கு ஒரு கொப்பி

ஒரு சாதாரணக் கொப்பியை எடுத்து, தவறிய வினா ஒவ்வொன்றையும் அதிலே பதிந்து வருக. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கலாம்: ‘எனக்குத் தெரியாதது’, ‘தெரிந்தும் சறுக்கியது’, ‘நேரம் போதாமல் விட்டது’. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. தெரியாததற்குப் பாடத்தைப் படிக்க வேண்டும். சறுக்கியதற்கு வினாவைப் பொறுமையாக இருமுறை வாசிக்கும் பழக்கம் வேண்டும். நேரம் போதாததற்கு விட்டுக்கொடுக்கும் துணிவு வேண்டும். பலர் மூன்றுக்கும் ஒரே மருந்தாக மேலும் மேலும் வினாக்களைச் செய்து களைத்துப்போகின்றனர்.

விட்டுக்கொடுக்கும் துணிவு என்றோம். கணிதத்தில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். ஒரு வினாவோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுபவர், வேறு ஒன்றரை வினாவின் நேரத்தை அதற்குத் தானம் செய்தவராவார். பாடசாலையிலே ‘விடாமுயற்சி’ என்று எமக்குப் போதித்த குணம் இங்கே நட்டத்தைத் தரும். சிறந்ததெனத் தோன்றும் விடையைக் குறித்து, அடையாளமிட்டு, மேற்செல்க. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், நேரம் எஞ்சியிருந்தால், மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் இறுதியில் வினாக்களை விடையின்றி விடுதல் ஆகாது. அதற்குப் புள்ளி குறையும்.

தினத்தைத் தெரிவு செய்வதும் ஒரு திறமை. வங்கியாளரும் கணக்காளரும் தத்தம் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு முடியும் காலத்தைத் தவிர்க்க. வீட்டிலே மணவினையோ கோயில் உற்சவமோ வரும் மாதத்தையும் தவிர்க்க. அமெரிக்கக் கல்லூரிகள் பல, முதற் சுற்று விண்ணப்பங்களைச் செப்ரெம்பர் மாதத்தில் ஏற்பதால், அதற்குச் சில மாதங்கள் முன்னரே பரீட்சையை முடித்துக்கொள்வது நலம். பெற்ற புள்ளி ஐந்து ஆண்டுகள் செல்லும். முதல் முயற்சி மனநிறைவு தராவிடில், பதினாறு நாட்களின் பின்னர் மீண்டும் எழுதலாம்.

வீட்டாரின் பங்கு

இனி, எமது மகளிர் வாசகர்களுக்கும் அவர்தம் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலே ஆண் ஒருவர் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினால், அறைக் கதவு சாத்தப்படும். வானொலியும் தொலைக்காட்சியும் தணியும். பிள்ளைகள் ‘அப்பா படிக்கிறார்’ என்று அடக்கப்படுவர். அதே வீட்டிலே மனைவி படிக்கத் தொடங்கினால் நிலைமை என்ன? அவளுக்குக் கிடைப்பது சமையலும், பாத்திரமும், பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முடிந்து, எல்லோரும் உறங்கிய பின்னர் எஞ்சும் நேரமே. இருவரும் ஒரே சம்பளம் பெறுபவராயிருக்கலாம். ஒரே திறமை உடையவராயிருக்கலாம். ஆயினும் ஒருவருடைய ஒரு மணி நேரம் முழு மணியாகவும், மற்றவருடையது முறிந்த மணியாகவும் இருப்பது நியாயமன்று. முறிந்த நேரத்தில் பெற்ற புள்ளியைப் பார்த்து ‘அவளுக்கு அவ்வளவுதான்’ என்று தீர்ப்புச் சொல்வது அதனினும் கொடுமை.

ஆதலால், பரீட்சைக் கட்டணத்தைச் செலுத்துமுன் வீட்டார் யாவரும் ஒன்றாக அமர்ந்து பேசிவிடுவது உத்தமம். ‘நான் உதவுவேன்’ என்ற பொதுவான வாக்குறுதி பயன்படாது. எந்த நாளில் யார் சமைப்பது, யார் பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்து வருவது, எந்த ஒரு மணி நேரம் எவரும் தொந்தரவு செய்யாத நேரம் என்று திட்டமாக வகுத்துக்கொள்ள வேண்டும். “பிள்ளை, நீ போய்ப் படி. இண்டைக்கு இடியப்பத்தை நான் அவிக்கிறன்” என்று மருமகளிடம் ஒரு மாமி சொல்வாராயின், அச்சொல் எந்த ரியூசன் வகுப்பிலும் விலைக்குக் கிடைக்காத உதவி. படிப்பவரும் தம் பங்குக்குப் பதினான்கு வாரம் என்ற எல்லையை மீறாதிருத்தல் வேண்டும். முடிவு தெரிந்த தியாகத்தைக் குடும்பம் மனமுவந்து செய்யும். முடிவில்லாத தியாகம் மனக்கசப்பிலேயே கொண்டுபோய் விடும்.

எழுதத்தான் வேண்டுமா?

இவ்வளவும் கூறிய பின்னர், அடிப்படையான வினாவையும் கேட்டுவிடுவோம். இப்பரீட்சைக் கட்டணம் டொலரிலே குறிக்கப்படுவது. 250 டொலருக்கு மேற்பட்டது. ஒரு டொலரை 300 ரூபாவாகக் கொண்டாலும் அது 75,000 ரூபாவைத் தாண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவுக்கு மேல் ஏறியதை நம்மவர் எவரும் மறந்திரார். பரீட்சைக் கட்டணமே இவ்வளவென்றால், வெளிநாட்டுப் படிப்பின் செலவைச் சொல்லவும் வேண்டுமோ! ஆகவே நாடிச் செல்லும் கல்லூரிகளின் பெயர்களை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் கேட்பது என்ன என்று விசாரித்து அறிக. பல வணிகக் கல்லூரிகள் ஜீ.ஆர்.ஈ. என்னும் பரீட்சையையும் ஏற்கின்றன. அதுவும் 2023 செப்ரெம்பர் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டுள்ளது. அனுபவம் மிக்க உத்தியோகத்தருக்கென்றே 2016இல் ‘எக்ஸெக்கியூற்றிவ் அசெஸ்மென்ற்’ என்ற பரீட்சை தொடங்கப்பட்டது. அது 40 வினாக்களும் 90 நிமிடமும் கொண்டது. நம் நாட்டிலும் உத்தியோகத்தை விடாமலே பட்டப்பின் முகாமைத்துவக் கல்வி பெற வழிகள் உள. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. உள்நாட்டு நிறுவனங்கள் தத்தம் விதிப்படி மாணவரைத் தெரிவு செய்பவை. எனவே ஒருவர் எழுத வேண்டிய பரீட்சை எதுவென்பதை அவர் சேர விரும்பும் இடமே தீர்மானிக்கும்.

புள்ளி எத்துணை உயர்ந்ததாயினும், அது வாயிலைத் திறக்கும் சாவிகளுள் ஒன்றே. ஆற்றிய பணியும், எழுதும் விண்ணப்பமும், பிறர் தரும் நற்சாட்சியும் அதனோடு சேர்த்தே நிறுக்கப்படும். குறைந்த புள்ளி பெற்றவர் திறமையற்றவர் என்று எவரும் கருதற்க. அன்றைய இரண்டேகால் மணி நேரத்தின் அளவே அது. பதினான்கு வாரம் நேரத்தை அளந்து செலவிட்டு, தம் தவறுகளைத் தாமே பதிந்து, அவற்றின் காரணத்தைத் தேடிப் பழகிய ஒருவர், பட்டம் பெறுமுன்னரே முகாமைத்துவத்தின் முதற் பாடத்தைக் கற்றுவிட்டார் என்பதே எமது கருத்து. படிக்க முனையும் சகோதர சகோதரிகளுக்கு எமது வாழ்த்துக்கள். அவர்களுக்கு இடையூறில்லாத ஒரு மணி நேரத்தைத் தரப்போகும் வீட்டாருக்கு அதனினும் மேலான வாழ்த்துக்கள்.